பதினாறு டேக் பாடியாச்சு, எதை வைத்துக்கொள்வது? – ஒலிக்கூடம் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். மைக் வாங்கியாச்சு, மென்பொருள் போட்டாச்சு, பாடியும் ஆச்சு. பாடியதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று தெரியவில்லை. சாலிகிராமத்து ஸ்டூடியோக்களில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "ஒன் மோர் போலாமா?" என்று கேட்க ஒருவர் இருப்பார். என் பிழைப்பே அதுதான். வீட்டில் பாடுகிறவருக்கு அந்த ஆளும் அவரேதான், கஷ்டமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் இந்த இதழில் டேக்குகளைப் பற்றி மட்டும் பேசுவோம். (ஒரு பாட்டை ஒருமுறை பாடிப் பதிவு செய்தால் அது ஒரு டேக்.) அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்டிருக்கும் நண்பர்களுக்கு இப்போதைக்கு ஒரே சொல்: வேண்டாம்.

*கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி:* சிறு வயதில் முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டவள் நான். மகன் வாங்கித் தந்த யூஎஸ்பி மைக்கில், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பக்திப் பாடல்கள் பதிவு செய்கிறேன். ஒரே பாட்டுக்கு 16 ட்ராக் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆடியோ 1', 'ஆடியோ 2' என்றுதான் பெயர். கேட்க உட்கார்ந்தால் ஐந்தாவது வருவதற்குள் முதலாவது எப்படி இருந்தது என்பதே மறந்துவிடுகிறது. எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

அம்மா, முதலில் ஒரு கணக்கு. நான்கு நிமிடப் பாட்டு, 16 டேக் என்றால் ஒருமுறை கேட்டு முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் காது மரத்துப்போகும். இதில் உங்கள் ஞாபகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு முழுத் தாள் எடுங்கள். பாட்டை வரி வரியாக, இடம் விட்டு எழுதுங்கள். வலது பக்கம் கட்டம் போட்டு மேலே டேக் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி டேக் டேக்காகக் கேட்க வேண்டாம், வரி வரியாகக் கேளுங்கள். பல்லவியின் முதல் வரியை மட்டும் தேர்வு செய்து, ஒவ்வொரு ட்ராக்காகச் சோலோ பொத்தானை (அந்த ட்ராக் மட்டும் ஒலிக்கச் செய்வது) அழுத்தி, அந்த ஒரு வரியை 16 விதமாகக் கேளுங்கள். ஒரு வரி பத்து வினாடி என்றால் மூன்று நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. பத்து வினாடிக்கு முன் கேட்டதை யாரும் மறப்பதில்லை.

கேட்கும்போதே கட்டத்தில் குறி போடுங்கள். நான் பயன்படுத்தும் குறிகள் இவை: சுருதி விலகினால் 'சு', தாளம் தள்ளினால் 'தா', மூச்சு வாங்கும் சத்தம் துருத்திக்கொண்டு தெரிந்தால் 'மூ', சொல் தெளிவில்லை என்றால் 'உ', வெளிச்சத்தம் புகுந்திருந்தால் 'கா'. கடைசிக் குறி காக்கைக்காக. குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது எல்லாமே என் தாளில் 'கா'தான். எந்தக் குறையும் இல்லாமல், கேட்கும்போது தலை தானாக அசைந்தால் ஒரு வட்டம். ஒரு குறை இருந்தும் மனசு அந்த வரியையே கேட்கிறதா? அதற்கு இரட்டை வட்டம் போடுங்கள். சுருதி மயிரிழை விலகிய நல்ல வரியை, சுருதி சுத்தமான உயிரில்லாத வரிக்காக நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தாள் நிரம்பியதும் எந்த டேக் எண்ணின் கீழே வட்டம் அதிகம் என்று பாருங்கள். அதுதான் உங்கள் அடிப்படை டேக். பாட்டு முழுவதும் அதுதான் ஓட வேண்டும். அதில் சரியில்லாத வரிகளுக்கு மட்டும் வேறு டேக்கிலிருந்து கடன் வாங்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் 16-ல் சிறந்ததைப் பொறுக்கி எடுத்து வரிசையாகக் கோத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும். வராது. ஒரு வரியில் பக்தி, அடுத்த வரியில் வித்வத்துவம், அதற்கடுத்ததில் களைப்பு என்று பாட்டு ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு டேக்குகளில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது ஏமாறும். பாடப்பாட மைக்குக்கு நெருங்கிவிடுவது எல்லோருக்கும் பழக்கம் என்பதால் கடைசி டேக்குகள் பொதுவாகச் சத்தமாகத்தான் இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் ட்ராக்கின் இடது பக்கம் உள்ள ஒலியளவுப் பட்டையை நகர்த்தி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம் ஆடாசிட்டி விஷயம். டேக்குகளை அடுக்கித் தேர்வு செய்வதற்கென்று அதில் தனி வசதி கிடையாது. ட்ராக்குகளை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். ஷிஃப்ட்டும் ஆர்-உம் சேர்த்து அழுத்தினால் புது ட்ராக்கில் பதிவாகும். வெறும் ஆர் அழுத்தினால் ஏற்கெனவே உள்ள ட்ராக்கின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் அதன் பெயரை மாற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். 'டேக் 3, சரணம் நன்று' என்று வைத்தால் போதும். கடன் வாங்க வேண்டிய வரியைத் தேர்வு செய்து கன்ட்ரோலும் டி-யும் (D) அழுத்துங்கள். அந்தத் துண்டு மட்டும், பாட்டில் அது இருக்கும் நேரம் மாறாமல், புது ட்ராக்கில் இறங்கும். அடிப்படை டேக்கில் அந்த வரியை நீக்கும்போது மட்டும் கவனம். கன்ட்ரோல் எக்ஸ் போட்டு வெட்டினால் பின்னால் உள்ளதெல்லாம் முன்னால் நகர்ந்து, சரணம் முழுக்கத் தாளத்தை விட்டுப் போய்விடும். அந்த இடத்தைத் தேர்வு செய்து கன்ட்ரோல் எல் போட்டு மௌனமாக்குங்கள், எதுவும் நகராது.

அடுத்த பாட்டுக்கு 16 வேண்டாம். முழுப் பாட்டாக நான்கு தடவை பாடிவிட்டு எழுந்து தண்ணீர் குடியுங்கள். தாளை நிரப்புங்கள். வட்டமே விழாத வரிகளை மட்டும் மறுபடி பாடுங்கள்.

*கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:* சொந்தமாக எழுதிய பாட்டை ரீப்பர் என்ற மென்பொருளில் பதிவு செய்தேன். சரணத்தை மட்டும் லூப் போட்டுத் திரும்பத் திரும்பப் பாடினேன். நிறுத்திப் பார்த்தால் ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது, கடைசியாகப் பாடியதுதான் கேட்கிறது. மற்றதெல்லாம் அழிந்துவிட்டதா அண்ணா?

ஒன்றும் அழியவில்லை தம்பி. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேதான் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கிறது. பெட்டியைத் தேர்வு செய்து டி (T) எழுத்தை அழுத்துங்கள், அடுத்த டேக் மேலே வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க கன்ட்ரோலும் எல்-உம் அழுத்திவிட்டு ட்ராக்கின் உயரத்தைக் கூட்டுங்கள். ஒன்பது தடவை பாடியிருந்தால் ஒன்பதும் வரிசையாகத் தெரியும். (ஆடாசிட்டியில் இதே விசை மௌனமாக்கும், இங்கே டேக்குகளை விரிக்கும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் விரலை அடக்கி வையுங்கள்.)

இனி வெட்டும் வேலை. வரிகளுக்கு நடுவே கர்சரை வைத்து எஸ் அழுத்துங்கள். ஒன்பது டேக்கும் அந்த இடத்தில் சேர்ந்தே வெட்டுப்படும். இப்படிச் சரணத்தை நான்கு ஐந்து துண்டாக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் எந்த டேக் வேண்டுமோ அதன் மேல் சொடுக்கினால் போதும். பிடிக்கவில்லை என்றால் வேறொன்றைச் சொடுக்குங்கள். எதுவும் நிரந்தரமாக அழியாது என்பதுதான் இந்த முறையின் அழகு. முடிவு செய்த பிறகு பெட்டிகளைத் தேர்வு செய்து, டேக் மெனுவில் நடப்பு டேக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் கட்டளையைக் கொடுத்தால் திரை சுத்தமாகிவிடும். அதற்கு முன் ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். பாடலின் பெயரோடு 'கம்ப்புக்கு முன்' என்று சேர்த்தால் பிறகு தேட வேண்டாம். பல டேக்கிலிருந்து பொறுக்கி ஒன்றாக்குவதைத்தான் எங்கள் பக்கம் கம்ப் என்போம்.

2023-ல் வந்த ரீப்பர் 7 உங்களிடம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒரே ட்ராக்குக்குள் நிரந்தரத் தளங்கள் அமைத்து, ஒவ்வொரு தளத்திலும் ஒரு டேக்கை வைத்து, வேண்டிய பகுதியின் மேல் மௌஸை இழுத்துக்கொண்டே போனால் மேலே தேர்வுப் பிரதி தானாக உருவாகும். லாஜிக், ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய கை அசைவு. புதிதாகத் தொடங்குபவர் பழைய டி, எஸ் முறையிலேயே ஒரு பாட்டை முடித்துவிட்டு இதற்கு வரலாம்.

ஒரு சின்ன விஷயம். லூப் போடும்போது சரணத்துக்கு முன்னால் இரண்டு தாள வட்டம் சேர்த்தே போடுங்கள். இல்லையென்றால் கடைசி வரியின் மூச்சு அடங்குவதற்குள் முதல் வரி வந்து நிற்கும், எல்லா டேக்கிலும் முதல் சொல் அவசரமாகத்தான் விழும்.

*மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:* பல முறை பாடி, நல்லதை மட்டும் வெட்டி ஒட்டி, ஒரே மூச்சில் பாடியதுபோல் காட்டுவது ஏமாற்று இல்லையா? அந்தக் காலத்தில் இப்படியா பாடினார்கள்?

ஐயா, அந்தக் காலத்தில் வெட்டி ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஒட்டுவதற்கு வழி இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டு நாட்களில் பாடப்பாட ஊசி மெழுகில் நேராகக் கீறிக்கொண்டு போகும். மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒரு பக்கம் முடியும். நடுவில் யாராவது இருமினால் அந்த மெழுகு வீண், முதலிலிருந்து பாட வேண்டும். அப்போதும் பல தடவை பாடி, அதில் நன்றாக வந்ததைத்தான் வெளியிட்டார்கள். தேர்வு அப்போதும் உண்டு, வரிவாரியாகத் தேர்வு செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

காந்த நாடா வந்ததும் பிளேடு வந்துவிட்டது. நாடாவை நேரடியாக வெட்டி ஒட்டினார்கள். 1952-ல் லண்டனில் வாக்னரின் ஓபரா ஒன்றைப் பதிவு செய்தபோது, கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் என்ற பெரிய பாடகிக்கு எட்டாத இரண்டு உச்ச ஸ்வரங்களை எலிசபெத் ஸ்வார்ஸ்கோஃப் என்ற இன்னொரு பாடகி பாடிக் கொடுத்தார். விஷயம் வெளியே தெரிந்தபோது பெரிய சர்ச்சை ஆனது. கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட் நேர் எதிர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஃபியூக் என்ற வகை இசைத்துண்டு ஒன்றில் தன் ஆறாவது டேக்கையும் எட்டாவது டேக்கையும் சேர்த்து ஒட்டியதை 1966-ல் தானே எழுதி, அதில் தவறென்ன என்று கேட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பே மேடைக் கச்சேரியை விட்டுவிட்டவர் அவர்.

என் கருத்தைக் கேட்டால், கேட்பவரிடம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டு என்று கொடுத்தால் எப்படிச் செய்தாலும் அது பாட்டு. 'நேரடிக் கச்சேரி' என்று பெயர் போட்டுவிட்டு ஒட்டினால் ஏமாற்று. போட்டிகளுக்கு அனுப்பும்போது ஒரே டேக்காக இருக்க வேண்டும் என்று விதி இருந்தால் அதில் கை வைக்கவே கூடாது. சீடப்பிள்ளை குருவுக்கு அனுப்பும் பாடாந்தரத்திலும் ஒட்டாதீர்கள், அவர் திருத்த வேண்டிய இடத்தையே அல்லவா மறைக்கிறீர்கள்?

*திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்:* மூன்றாவது டேக்கையும் ஐந்தாவது டேக்கையும் சேர்த்தால் சேரும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அதைச் சரிசெய்தால் குரல் ஒரு கணம் இரண்டு ஆள் போலக் கேட்கிறது. எந்த இடத்தில் வெட்டினால் தெரியாது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

'டிக்' வருவதற்குக் காரணம் எளிது. ஒலி அலை மேலே போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றை வெட்டி, கீழே இறங்கும் இடத்தில் தொடங்கும் இன்னொன்றை வைத்தால் அலை ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவல்தான் டிக். இரண்டு துண்டுகளையும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஒன்று மங்கும்போது மற்றது எழும்படி செய்தால் போய்விடும். இதுதான் கிராஸ்ஃபேட். ரீப்பரில் பெட்டியின் ஓரத்தை இழுத்து அடுத்ததன் மேல் ஏற்றினால் தானாக வரும். ஆடாசிட்டியில் இதற்கென்று எஃபெக்ட் இருக்கிறது. மௌனமான இடத்தில் 5 முதல் 10 மில்லிசெகண்ட் போதும்.

இரண்டு ஆள் போலக் கேட்பது வேறு நோய். குரல் நீளும் இடத்தில், அதாவது உயிரெழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறீர்கள். ஒரே ஆள் பாடினாலும் இரண்டு டேக்கில் 'ஆ' ஒரே மாதிரி இருக்காது. சுருதி ஒரு இம்மி மாறும், அசைவு மாறும். கிராஸ்ஃபேட்டின் அந்தச் சிறு நேரத்தில் இரண்டும் சேர்ந்து கேட்கும்.

அப்படியென்றால் எங்கே வெட்டுவது? தமிழில் பாடுகிறவருக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். 'ட்' வரும்போது நாக்கு மேலே ஒட்டி நிற்கிறது, அந்த நேரத்தில் வாயிலிருந்து சத்தமே வருவதில்லை. மென்பொருளில் அந்தச் சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'பா'வின் அலை அடங்கி, ஒரு தட்டைக் கோடு வந்து, அப்புறம் 'டு' வெடித்துக்கொண்டு கிளம்புவது கண்ணுக்கே தெரியும். அந்தத் தட்டைக் கோடுதான் வெட்டும் இடம். க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப என வல்லின ஒற்று இரட்டிக்கும் இடமெல்லாம் இந்தக் கோடு உண்டு. 'நிலா வெளிச்சத்தில்' என்று ஒரு வரி இருந்தால் 'ச்ச'விலும் வெட்டலாம், 'த்தி'யிலும் வெட்டலாம், ஒரே சொல்லுக்குள் இரண்டு கதவு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலும் அப்படியே. 'அந்தக் காலம்', 'பாட்டுப் பாடி' என்று வல்லினம் மிகும் இடமெல்லாம் வெட்டும் இடம். மேலே கேள்வி கேட்ட மதுரை ஆசிரியருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவர் எடிட்டிங்கில் இறங்கினால் நமக்கெல்லாம் வேலை போய்விடும்.

மெல்லினமும் இடையினமும் அப்படி இல்லை. 'மழை', 'நிழல்', 'மலர்' போன்ற சொற்களில் ம, ழ, ல, ர எல்லாவற்றிலும் குரல் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் கத்தி வைத்தால் தெரிந்துவிடும். 'ஸ', 'ஷ' வந்தால் அந்தச் சீறலின் நடுவில் வெட்டலாம். அதில் சுருதி இல்லாததால் ஒட்டு மறைந்துவிடும். ராகமாகப் பாடும் இடத்தில் கமகத்தின் நடுவில் தொடவே தொடாதீர்கள். ஒரு சங்கதியை முழுசாக எடுங்கள் அல்லது முழுசாக விடுங்கள்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூச்சு அதற்கு அடுத்து வரும் வரியின் சொத்து. ஐந்தாவது டேக்கின் வரி வேண்டுமென்றால் அந்த வரிக்கு முன் இழுத்த மூச்சையும் சேர்த்தே எடுங்கள், வெட்டு மூச்சுக்கு முன்னால் விழட்டும். மூச்சு அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாட்டைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். சத்தம் அதிகமாக இருந்தால் மூச்சை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், போதும்.

இன்னொன்று: எதிரொலியைச் சேர்த்தே பதிவு செய்யாதீர்கள். யூஎஸ்பி மிக்ஸர்கள் சிலவற்றில் எக்கோ குமிழ் இருக்கும், பாடும்போது கேட்கச் சுகமாகவும் இருக்கும். ஆனால் எதிரொலியின் வால் அடுத்த சொல் வரை நீளும், நான் சொன்ன தட்டைக் கோடு ஒன்றுகூட மிஞ்சாது. காய்ந்த குரலாகவே எடுங்கள், ஒட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு ரிவெர்ப் சேருங்கள். அது மீதியிருக்கும் சின்னச் சின்ன ஒட்டுகளையும் மூடிவிடும்.

*யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்:* கோரஸ் பகுதியில் குரல் கனமாக ஒலிக்க அதே டேக்கைப் பிரதி எடுத்து இரண்டு ட்ராக்கில் வைத்தேன். சத்தம்தான் கூடியது, கனம் வரவில்லை. ஏன்?

ஒரே அலையை அப்படியே இரண்டு தடவை கூட்டினால் 6 டெசிபல் உயரும், வேறெதுவும் நடக்காது. கனம் வருவது இரண்டு குரலுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தால். தேர்வில் இரண்டாவதாக வந்த டேக்கை இதற்காகவே பத்திரப்படுத்துங்கள். அதைப் பின்னணியில் 8, 10 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். சொல் முடியும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு டேக்கிலும் 'த்', 'ஸ்' முன்பின்னாக விழுந்தால் திக்குவது போல் கேட்கும். பின்னணி டேக்கில் அந்த மெய்யெழுத்துகளை மங்கவைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

*ஓசூரிலிருந்து ஒரு வாசகர்:* லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. பழைய டேக்குகளை அழிக்கலாமா?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட். நான்கு நிமிட டேக் சுமார் 35 மெகாபைட். ஒரு மைக்கில் பாடுவதை ஸ்டீரியோவாகப் பதிவு செய்துகொண்டிருந்தால் காரணமே இல்லாமல் இது இரட்டிப்பாகும், முதலில் அதைப் பாருங்கள். பாட்டு முடிந்து வெளியே போகும் வரை எதையும் அழிக்காதீர்கள். அப்புறம் அடிப்படை டேக், இரண்டாவது டேக் இரண்டை மட்டும் ஃப்ளாக் வடிவத்தில் வேறு டிஸ்க்கில் போட்டுவிட்டு மற்றதை விடலாம். ஃப்ளாக்கில் தரம் குறையாது, அளவு கணிசமாகக் குறையும். ரீப்பர்காரர்கள் கோப்புறைக்குள் புகுந்து எந்த வேவ் எதற்கு என்று தெரியாமல் கையால் அழிக்க வேண்டாம். ஃபைல் மெனுவில் பயன்படாத கோப்புகளைத் துப்புரவு செய்யும் கட்டளை இருக்கிறது. ஒரே கோப்புறையில் இரண்டு மூன்று பாட்டு வைத்திருப்பவர்கள் அதிலும் பார்த்துச் செய்யுங்கள். ஒரு பாட்டுக்குத் தேவையில்லாதது இன்னொரு பாட்டின் குரலாக இருக்கலாம்.

*சென்னை, பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி:* எத்தனை டேக் பாடினாலும் எல்லாமே கரோக்கிக்குப் பின்தங்கியே விழுகிறது. பாடும்போது சரியாகத்தான் பாடுகிறேன். ஹெட்போன் ப்ளூடூத்.

கடைசிச் சொல்லிலேயே பதில் இருக்கிறது சகோதரி. ப்ளூடூத்தில் இசை உங்கள் காதுக்கு வந்து சேரவே தாமதம். அதைக் கேட்டு நீங்கள் சரியாகப் பாடினாலும் பதிவில் பிந்தித்தான் விழும். வயர் உள்ள ஹெட்போன் ஒன்று வாங்கி, மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் செருகுங்கள். ஆடாசிட்டியில் தாமதத்தை ஈடுகட்ட ஒரு அமைப்பு உண்டு, அது மைனஸ் 130 மில்லிசெகண்டில் இருக்கும். அது பொத்தாம்பொதுவான அளவு. தாளம் தட்டும் மெட்ரோனோம் ஒலியை ஹெட்போனில் ஓடவிட்டு, ஹெட்போனை மைக் அருகில் பிடித்துப் பதிவு செய்து, அசல் 'டக்'குக்கும் பதிவான 'டக்'குக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து உங்கள் கருவிக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். பாடி முடித்த டேக்குகளை வீணாக்க வேண்டாம். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுதான் பிந்தியிருக்கும், சேர்த்துப் பிடித்து முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

*சேலத்திலிருந்து ஒரு வாசகர்:* ஞாயிற்றுக்கிழமை காலை பாடியதில் ஒரு வரி சரியில்லை. புதன்கிழமை இரவு அந்த வரியை மட்டும் பாடி ஒட்டினேன். சுருதி, தாளம் எல்லாம் சரி. ஆனாலும் ஒட்டு போட்டது ஊருக்கே தெரிகிறது.

தெரியத்தான் செய்யும். காலைக் குரல் வேறு, இரவுக் குரல் வேறு. அதோடு ஞாயிற்றுக்கிழமை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றிருப்பீர்கள், புதன்கிழமை நாலு விரல் தூரத்தில். பெரும்பாலான மைக்குகளில் நெருங்க நெருங்கக் குரலின் அடிக்கனம் கூடும். ஞாயிறு ஃபேன் ஓடியதா, புதன் ஓடவில்லையா என்றும் பாருங்கள். பின்னணி இரைச்சல் திடீரென்று நின்று திரும்ப வந்தால் காது உடனே பிடித்துவிடும்.

நிற்கும் இடத்தில் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத் தடுப்பான பாப் ஃபில்டரை அதே இடத்தில் வையுங்கள். மைக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் கெயின் குமிழ் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு பத்து வினாடி அறையின் மௌனத்தை மட்டும் பதிவு செய்து வைத்தால், இரண்டு துண்டுக்கும் நடுவே இடைவெளி விழும் இடத்தில் அதைப் போட்டு நிரப்பலாம்.

புதன்கிழமை டேக்கை விட்டுவிடுங்கள். இன்னொரு ஞாயிறு, அதே நேரத்தில் உட்காருங்கள். பழைய டேக்கை இரண்டு வரி முன்னாலிருந்து ஹெட்போனில் ஓடவிட்டு, அதோடு கூடவே பாடிக்கொண்டு அந்த வரிக்குள் நுழையுங்கள், வரி முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த வரியையும் பாடிவிடுங்கள். பழைய குரலின் வேகமும் அழுத்தமும் அப்போதுதான் தொற்றிக்கொள்ளும். அப்படியும் ஒட்டவில்லை என்றால் சரணம் முழுவதையும் புதிதாகப் பாடி எடுங்கள். பல்லவி முடிந்து வாத்தியம் வாசிக்கும் இடத்தில் குரல் கொஞ்சம் மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.